கொத்துத் தகடும் கரையோர பஸ்ஸும்

ஜூலை 4, வெள்ளி

மேற்கிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று இன்றும். கொடியில் காய்ந்த சீருடையை உதறினால் அரைச் சிரட்டை மண். உம்மா இரண்டாம் தடவை துவைத்தாள், காற்றைத் திட்டிக்கொண்டே.

வெள்ளி என்பதால் பாடசாலை நேரத்தோடு விட்டது. எங்கள் வகுப்பு மட்டும் நின்றது. உயர்தரம், இறுதி ஆண்டு, கலைப்பிரிவு. தமிழ் படிப்பிக்கும் சிவகௌரி டீச்சர் (இனி சி.டீ.) கூப்பிட்டிருந்தார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பாடசாலையை விட்டுப் போகும் வகுப்பு கலை விழாவில் ஓர் இசை நிகழ்ச்சி செய்ய வேண்டும். கடைசி நிகழ்ச்சி. சொல், மெட்டு, தாளம் எல்லாம் நாங்களே. டீச்சர்மார் கை வைக்கக் கூடாது. பார்க்க வருவது உம்மாமார், ராத்தாமார், மாமிமார். ஆண்கள் மதிலுக்கு வெளியே.

அதிபர் மேடத்தின் நிபந்தனை:
கீபோட் இல்லை.
பதிவு செய்த இசை இல்லை.
றபான் மேளம் பரவாயில்லை.

மெட்டு ரிஃப்னா. குரலும் அவள்தான், அதில் கேள்வியே இல்லை. றபான் ஸீனத். மற்ற ஒன்பது பேரும் கூடப் பாடுவார்கள். சொல் எழுத என்னைச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வழமைபோல அறிவிப்பாளராகவும் நிற்கட்டாம்.

ஆறாம் ஆண்டிலிருந்து எல்லா விழாவிலும் நான்தான் "அடுத்து மேடையேறுவது". சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். பாட்டை முதுகுப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறேன். இந்த முறை முன்னால் நிற்க வேண்டும். இனி ஒரு முறை இல்லை.

பாட வராது. ரிஃப்னா அதை அன்பாகச் சொல்வாள். ஸீனத் அப்படியே சொல்வாள். "நீ வாசி புள்ள, பாடாத. வாசிக்கக்கொள்ள நல்லாரிக்கி."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு இதை எழுதுகிறேன். வீட்டின் முன்பக்கம் வாப்பாவின் சாப்பாட்டுக் கடை. காக்கா, என் அண்ணன், முதல் கொத்து ரொட்டியைத் தொடங்கிவிட்டான். டக்கட டக்கட டக்கட. பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்தான் பாடம் படித்தது. ரொட்டி, முட்டை, கறி, சூடான கல், இரண்டு இரும்புத் தகடு.

இது தாளம்தானே?

இது தாளம்தான்!!

ஜூலை 5, சனி

கடைக்குள் போய் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். காக்கா தகட்டை நிறுத்தினான்.

"என்னடி, பேய் புடிச்சிட்டா?"

"இல்ல காக்கா. அடி நீ, கேக்கிறன்."

"அடியாம? இது கொத்து. அடிக்கிறல்ல, போடுற."

சொன்னேன். மேடை, தகடு, எல்லாம். கல்லின் மேல் சிரித்து விழப் பார்த்தான். "வாப்பாஆ! உங்கட மகள் மேடையில கொத்துப் போடப் போறாவாம். பார்சலும் உண்டா மேடம்?"

உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி: "உன்னப் படிக்க வெச்சதே இந்தக் கல்லுக்குக் கிட்ட நிக்காம இரிக்கத்தான். நீ அதத் தூக்கி மேடையில வெக்கப் போறியா?"

உம்மா சொன்னது கோபமாக இல்லை. அதுதான் கஷ்டம்.

வாப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்: "பழைய தகடு சோடி ஒண்டு இரிக்கி. எடுங்க மகள். கழுவித் திருப்பித் தந்தாச் சரி."

எடுத்தேன். பிடி என் கைக்குப் பெரிது. சிவப்பு நாடா சுற்றினேன். இப்போது சரி.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு செய்தி. ஒன்று நல்லது, ஒன்று அவமானம். அவமானம் முதல்.

மூன்று நாள் எழுதிய பாட்டை வகுப்பில் வாசித்தேன். "நினைவுகளின் நந்தவனமே, கல்விக் கடலின் கலங்கரை விளக்கே" என்று தொடக்கம். முடியும்வரை கேட்டார்கள். பிறகு ஸீனத்:

"எந்த நந்தவனம் புள்ள? நம்மட பின்பக்கம் வாழத்தோட்டம்தானே இரிக்கி. அதுவும் பக்கத்து வூட்டாக்கள்ற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆனால் காது சுட்டது. ரிஃப்னா மெதுவாக, "நல்ல தமிழ். ஆனா நாங்க அதில இல்லையே" என்றாள். இடைவேளை முழுவதும் அதையே யோசித்தேன். மெய்தான். அந்தப் பாட்டில் நாங்கள் இல்லை. எந்தப் பாடசாலையும் அதைப் பாடலாம்.

நல்ல செய்தி: அதிபரின் அறை. தகடுகளை மேசையில் வைத்தேன். மேடம் கண்ணாடியை இறக்கினார்.

"இது என்ன சாமான்?"

"கொத்துத் தகடு, மேடம்."

"வாத்தியமா?"

ஸீனத் பின்னாலிருந்து: "சமையல் சாமான், மேடம். மனைப்பொருளியல் பாடத்துக்குள்ள வரும்."

மேடம் உதட்டைக் கடித்தார். சிரிப்பு அங்கேதான் இருந்தது. "கூரா?"

"மழுங்கல், மேடம்."

"அப்ப சரி. பாங்கு சொல்லக்கொள்ள மட்டும் கப்சிப். வழமைபோல."

அது சொல்லாமலே தெரிந்ததுதான். பாங்கு கேட்டால் எந்தப் பயிற்சியும் நிற்கும். முக்காட்டை இழுத்துவிட்டு இருப்போம். முடிந்ததும் பாட்டை முதலிலிருந்து தொடங்குவோம்.

வெளியே வந்து மூவரும் ஓடினோம். மாணவத் தலைவி ஒருத்தி "ஓடாதீங்க!" என்றாள். பத்தாம் ஆண்டு. எங்களைப் பார்த்து!

ஜூலை 10, வியாழன்

கிடைத்துவிட்டது. பஸ்.

ஸீனத் ஒலுவிலிலிருந்து வருகிறாள். வகுப்பில் பாதிப் பேர் கரையோரப் பாதை பஸ்தான். இன்று அவளோடு நிறுத்தத்தில் நின்றேன், வேண்டுமென்றே. கண்டக்டர் வாசலில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களைக் கொட்டினார். ஏறி முடிந்ததும் பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டு. டக் டக். பஸ் கிளம்பியது. ஒரு தட்டு என்றால் நிற்பாட்டு, இரண்டு என்றால் போ. எத்தனை வருடமாகக் கேட்கிறேன், இன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில்:

ஆறு மணிக்கு அக்கரைப்பற்றில்
அரைத் தூக்கத்தில் பஸ் எழும்பும்
ஒலுவில் சந்தியில் ஒருத்தி ஏற
உப்புக் காற்றும் கூட ஏறும்

ஸீனத்துக்குப் போனில் வாசித்தேன். "அந்த ஒருத்தி நானா?" "ஓம்." "உப்புக் காத்து எண்டு என்னத்த செல்ற? நான் குளிச்சிட்டுத்தான் வாற." ஆனால் திரும்ப வாசிக்கச் சொன்னாள். மூன்று முறை.

பொருளியல் கட்டுரை எழுதவில்லை. நாளை எழுத வேண்டும். கட்டாயம்.

ஜூலை 13, ஞாயிறு

தகடு இருக்கிறது, தட்ட ஒரு கல் வேண்டுமே. மனைப்பொருளியல் அறையின் கேக் தட்டு: பிஸ்கட் டின் சத்தம். கடைக் கல்லை அசைக்கவே ஏலாது. கடைசியில் கிணற்றடியில் கிடந்த பழைய ரொட்டிக் கல். ஓரம் வெடித்துப் போனது, நடு நல்லது. பூனை அதில்தான் வெயில் காயும். பூனையை எழுப்பிவிட்டு, தேங்காய்ப்பொச்சால் உரஞ்சி, காக்கா ஓட்டோவில் ஏற்றினான். "பூனைக்கு ரோயல்டி குடு" என்றான்.

பின்பக்க வகுப்பறையில் பயிற்சி. ரிஃப்னா பாட, ஸீனத் றபான், நான் தகடு. முதல் தட்டிலேயே மயிர்க்கூச்செறிந்தது. றபானின் தடித்த சத்தத்துக்கு மேலே இரும்பு. எல்லோர் தலையும் தானாக ஆடியது. நான் முன்னால் நிற்கிறேன்!

ஆனால்.

பாட்டின் ஒவ்வொரு அடியும், அதாவது நான்கு வரியும், முடியும்போது நான் ஓடிவிடுகிறேன். முதல் இரண்டு வரி ஒழுங்கு. மூன்றாவதில் வேகம். நான்காவதில் ரிஃப்னா மூச்சுக்குத் திணறுகிறாள். "ஓடாத." மறுபடி. ஓடினேன். மறுபடி. ஓடினேன்.

"என்ன புள்ள, நாய் தொரத்துதா?"

தெரியவில்லை. கை என் சொல் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ரிஃப்னா தனியாகக் கூப்பிட்டாள். முகம் பார்த்தே தெரிந்துவிட்டது.

"கோவிக்காத. நீ ஓடினா எல்லாரும் ஓடுறாங்க. ஸீனத்தால றபான நிதானத்தில புடிக்க ஏலாமப் போகுது. வியாழன் வரைக்கும் பாப்பம். சரிவராட்டி றபான் மட்டும் போதும். நீ... அறிவிப்பு நல்லாச் செய்வதானே."

"ஓம்" என்றேன். அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. உம்மா கேட்டாள். சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பொரித்த மீனில் நடுத்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

ஜூலை 16, புதன்

கண்டுபிடித்தேன்!!!

பின்னேரம் அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தோடு கடைக்குப் பின்னால் இருந்தேன். காக்கா கொத்துப் போட, நான் மேசையில் விரலால் கூடவே தட்டினேன். ஒரு பிளேட். இன்னொன்று. இன்னொன்று. விரல் வேகமெடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் காக்காவின் கையும் அதே இடத்தில் வேகம்!

ரொட்டியை வெட்டும்போது நிதானம். முட்டை, கறி சேரும்போது ஒரே சீர். கடைசியில் ஒரு ஓட்டம், பிறகு பெரிதாக ஒரு தட்டு, பிளேட்டில் விழும். எல்லாக் கொத்தும் அப்படித்தான். ஒன்றுகூட நிதானமாக முடியவில்லை.

"காக்கா, ஏன் கடைசியில ஓடுற?"

"ஓடாட்டி?" தகட்டைத் துடைத்தபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மெதுவா முடிச்சா அது கொத்தா? புட்டு."

அதுதான். என் கை பாட்டின் ஒவ்வொரு அடியையும் ஒரு பிளேட் என்று நினைக்கிறது. பதினெட்டு வருடம் கேட்டது. மூன்று நாளில் மறக்குமா?

மறக்க வைக்க வேண்டாம் என்றால்?

கை ஓடும் இடத்தில் சொல்லும் ஓடினால்? அந்தக் கண்டக்டர் நிதானமாகவா ஊர்ப்பெயர் சொன்னார்?

எல்லா அடியிலும் நான்காவது வரிக்குப் பிறகு இன்னொரு வரி:

நிந்தவூரு காரைதீவு சாய்ந்தமருது கல்முனை!

தட்டிப் பார்த்தேன். ஓடு, ஓடு, ஓடு, டக்! கல்முனையில் பிளேட் விழுகிறது.

நாளை வியாழன்.

ஜூலை 17, வியாழன்

ரிஃப்னாவுக்கு விளக்கவில்லை. "கடைசில இதப் பாடு, நான் ஓடுறன், கூட வா" என்றேன், அவ்வளவுதான். முதல் தடவை தடுமாறினாள். இரண்டாம் தடவை கண்ணை விரித்தாள். மூன்றாம் தடவை ஒன்பது பேரும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்கள்.

ஸீனத் றபானைத் தலைக்கு மேலே தூக்கி: "கல்முனை எறங்குறாக்கள் எறங்குங்க! பையப் பாருங்க!"

ரிஃப்னா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான். "நீதான்."

நீதான்! நீதான்! பொருளியல் டீச்சர் திட்டினார், கட்டுரைக்காக. கேட்கவே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓட்டம் அந்த வரியில் மட்டும். மற்ற இடத்தில் ஓடினால் பழைய கதை. ரிஃப்னா விரலை ஆட்டிச் சொன்னாள்.

ஜூலை 21, திங்கள்

வேண்டியவை:
வெள்ளைக் கையுறை, தகட்டின் துரு சீருடையில் படாமல் (கிடைத்தது)
கல்லுக்கு அடியில் சாக்கு (கடை)
அறிவிப்புக்கு ஆள் (எட்டாம் ஆண்டு மர்யம். "மேடையேறுவது" என்பதை நான் சொல்வதுபோலவே சொல்கிறாள். கொஞ்சம் பொறாமை.)

கடைசி அடி முடித்தேன். இது எங்கள் அடி:

நாளை இந்த பஸ்ஸில் எங்கள்
இடத்தில் வேறு யாரோ இருப்பார்
யன்னல் ஓரம் நல்ல இடம்தான்
தங்கச்சி, நீ கவனமாயிரு

பாடி முடித்தபோது ஸீனத் பகிடி விடவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

நேரம் பார்த்தோம். பின்னேர அஸர் பாங்குக்கு முன்னர் விழா முடிந்துவிடும். பிரச்சினை இல்லை.

ஜூலை 23, புதன்

கையில் இரண்டு கொப்புளம். வாப்பா மஞ்சள் பூசிவிட்டார்.

"நான் உள்ளுக்க வர ஏலாதானே மகள்?"

"ஏலா வாப்பா. பொம்புளையள் மட்டும்."

"மதிலுக்கு அங்கால ஓட்டோவ நிப்பாட்டினா கேக்குமா?"

"இரும்பு கேக்கும். ரிஃப்னாட குரல் தெரியா."

"இரும்பு கேட்டாப் போதும்."

உம்மா வருவாளா என்று கேட்கவில்லை. கேட்டு "இல்ல" என்றால்?

ஜூலை 24, வியாழன்

இரவு இஷாத் தொழுகைக்கு முன்னர் எழுதி முடிக்க வேண்டும். ஒழுங்காக எழுதுகிறேன், ஒன்றும் விடாமல்.

காற்று விழுந்துவிட்டது. மூன்று வாரமாக அடித்த கச்சான், இன்று பார்த்து, ஓர் இலை ஆடவில்லை. மண்டபத்துக்குள் அவிச்சல். கடற்பக்க யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள்.

உம்மா வந்தாள். பின் வரிசை, தூணோரம். திரை இடுக்கால் பார்த்தேன்.

பிரதம விருந்தினரின் பேச்சு நீண்டது. நீண்டது. ஸீனத் என் காதில், "இவவுக்கு ஒரு தட்டுத் தட்டு, நிப்பாட்டட்டும்." பரிசளிப்பு. பிறகு இன்னும் கொஞ்சம் பேச்சு. மர்யம் "அடுத்து மேடையேறுவது" என்றபோது அஸர் நெருங்கிவிட்டது. யாரும் யோசிக்கவில்லை.

திரை விலகியது. கல்லையும் தகட்டையும் கண்டதும் முன் வரிசையில் ஒரு மாமி: "யாரும்மா இது, கொத்துக் கடையா?" சிரிப்பு. முகம் கொதித்தது. தூணோரம் பார்க்கவில்லை. டக் டக். போ.

முதல் அடி. நிதானம், நிதானம், ஓட்டம், கல்முனை! கைதட்டல். அதே மாமிதான் பெரிதாகத் தட்டியது. இரண்டாம் அடியில் பிள்ளைகள் கூடவே ஊர்ப்பெயர் கத்தினார்கள். மூன்றாவது, எங்கள் அடி. ரிஃப்னா "நாளை இந்த பஸ்ஸில் எங்கள்" என்றாள்.

பாங்கு.

தகடு பாதி வழியில் நின்றது. மண்டபம் முழுவதும் முக்காட்டை இழுக்கும் சரசரப்பு. பிறகு அதுவும் இல்லை. ரிஃப்னா வாய் மூடி, கண் மூடி. பாதி வரியில் நிற்கிறோம். பயிற்சியில் எத்தனை தடவை பாங்குக்காக நிறுத்தினோம்! ஆனால் ஒருநாளும் பாதியிலிருந்து தொடங்கியதில்லை. எப்போதும் முதலிலிருந்துதான். இப்போது முதலிலிருந்து தொடங்கினால் சனம் எழும்பிவிடும்.

பாங்கு முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாளம் நான்தானே. நெஞ்சு அடித்த அடியில் கை முந்திக்கொண்டது. டக் டக்! ரிஃப்னா வாய் திறந்தாள், ஒரு சொல் வருமுன் கடற்பக்க யன்னலால்:

கடற்கரைப் பள்ளிவாசலின் பாங்கு.

நிலம் பிளந்து உள்ளே போயிருக்கலாம். மூன்று வாரமாகக் கச்சான் காற்று அந்தப் பாங்கைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்பக்க வகுப்பறைக்கு அது வரவேயில்லை. கிட்டப் பள்ளி முடிந்தால் முடிந்தது என்று பழகிவிட்டோம். இன்று காற்று இல்லை. நான் ஓடிவிட்டேன். மறுபடியும். ஊர் முழுக்கப் பார்க்க.

ரிஃப்னாவைப் பார்க்கப் பயம். சி.டீ.யைப் பார்த்தேன். மேடை ஓரத்தில், கையைக் கட்டி, தலை குனிந்து. காரைதீவிலிருந்து இந்தப் பாடசாலைக்கு நான் பிறக்குமுன்னமே வரத் தொடங்கியவர். என் பக்கம் திரும்பாமல், ஒரு விரலை மட்டும் இலேசாக உயர்த்தினார். பொறு.

கடற்கரைப் பள்ளி முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை துடித்தது. விரல் இறங்கவில்லை. பொறுத்தேன். அவர் காதைச் சாய்த்தார். அப்போது, மிகத் தூரத்தில், சாய்ந்தமருதுப் பக்கமிருந்து, நூல் போல இன்னொன்று. நானாக இருந்திருந்தால் மூன்றாம் தடவையும் மாட்டியிருப்பேன்.

நின்றேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. கடைக் கல்லில் ரொட்டி விழுந்து, காக்கா வெட்டத் தொடங்கும் அந்த நிதானம் கைக்கு வந்தது.

விரல் இறங்கியது.

டக். டக்.

பின்னால் யாரோ ஒரு பெண், "ஆ, பஸ் எடுத்திட்டான்!" மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளேயே ரிஃப்னா ஏறினாள். "நாளை இந்த பஸ்ஸில் எங்கள்." விட்ட அதே இடம், அதே குரல். நான் ஓடவில்லை. "இடத்தில் வேறு யாரோ இருப்பார்." ஓடவில்லை. "யன்னல் ஓரம் நல்ல இடம்தான்." ஓடவில்லை! "தங்கச்சி, நீ கவனமாயிரு." ரிஃப்னாவின் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு விட்டேன். நிந்தவூரு காரைதீவு சாய்ந்தமருது கல்முனை! பதினெட்டு வருடக் கொத்து முழுவதும் அந்த ஒரு வரியில். டக்!

குரவை. கலியாண வீட்டில் போடுவது போல, பின் வரிசையிலிருந்து ஒரு குரல் தனியாக எழும்பியது. அதைப் பிடித்து மற்றப் பெண்களெல்லாம். ஸீனத் என்னைக் கட்டிப்பிடித்ததில் றபான் என் முதுகில் இடித்தது. இன்னும் நோகிறது. நோகட்டும்.

ரிஃப்னா: "ரெண்டாம் தரம் ஏன் அவசரப்பட்ட?" கேட்டுவிட்டு அழுதாள். பிறகு இருவரும்.

வாசலில் வாப்பாவின் ஓட்டோ. கல்லை ஏற்ற உதவியபடி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு: "கொத்து நடுவுல ரெண்டு தரம் நிண்டிச்சே மகள். ஓடர மாத்திட்டாங்களா?"

உம்மா வழிநெடுகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி கேட்டாள். குரல் கட்டியிருந்தது.

"உம்மா, குரவை போட்டது யாரு?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள், பாதிக் குரலில்.

ஜூலை 25, வெள்ளி

கச்சான் திரும்பிவிட்டது. உடுப்பெல்லாம் மண்.

பூனை பழைய கல்லில் படுத்துவிட்டது, ஒன்றும் நடக்காதது போல. இன்னும் இரண்டு கட்டுரை. நவம்பரில் பரீட்சை. நேரசூசி போட்டேன். கொஞ்சம் பேராசை நிறைந்த நேரசூசி.

ஜும்ஆவுக்கு முன்னர் தகடுகளைக் கழுவிக் கடையில் வைத்தேன். நாடாவைக் கழற்ற மறந்துவிட்டேன்.

மஃரிப் தொழுதுவிட்டுக் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். காக்கா தன் தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சோடியை எடுத்திருந்தான். சிவப்பு நாடாவோடு.

"கழட்டித் தரட்டா?"

"வுடு. பிடி வழுக்குதில்ல." தொடங்குமுன் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு. டக் டக். இதற்கு முன் அவன் அப்படித் தட்டியதில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

உம்மா கூப்பிடுகிறாள். மூன்று பார்சல் கட்ட வேண்டுமாம், நானும் வரட்டாம்.